பார்த்துப் போட்ட கையெழுத்து

பாலோ ஸ்டார்ஸ் கால்பந்துக் கழகத்தைக் கரை சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் உமாதேவியை நியமித்தபோது, ஓர் அணியில் எத்தனை பேர் விளையாடுவார்கள் என்பதையே அவள் கைப்பேசியில் தேடித்தான் தெரிந்துகொண்டாள். அதை வெளியில் சொல்லவில்லை. நொடித்துப்போன நிறுவனங்களைக் கையில் எடுத்து, விற்க வேண்டியதை விற்று, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து, முடிந்தால் உயிரோடு இன்னொருவரிடம் ஒப்படைப்பது அவள் தொழில். ஜொகூர் பாருவில் அவள் அலுவலகத்துக்கு நல்ல பெயர். ஒரு மரச்சாமான் ஆலையும் ஒரு கோழித்தீவனக் கம்பெனியும் அவள் கை பட்டுப் பிழைத்தவை. கோழியைப் பற்றியும் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. காகிதங்களை ஒன்று விடாமல் படித்தால் எந்தத் தொழிலும் பிடிபட்டுவிடும் என்பது, செட்டிநாட்டிலிருந்து வந்த அவள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் திமிர்.

பாலோ ஒரு சின்ன ஊர், அதன் கழகத்தின் கதையும் நீளமானதல்ல. டத்தோ பட்டம் வாங்கிய ஒரு குத்தகைக்காரர் அதை வாங்கினார். பிரேசிலிலிருந்து இரண்டு பேரை இறக்கினார். புதுச் சட்டை, புது பஸ், பஸ்ஸின் பக்கவாட்டில் தன் சிரித்த முகம். ஏழு மாதத்தில் ஆளைக் காணோம். பஸ்ஸையும் காணோம், தவணை கட்டாததால் வங்கி இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிரேசில்காரர்களும் விமானம் ஏறிவிட்டார்கள். மிஞ்சியது உள்ளூர்ப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர், அவர்களுக்கு ஐந்து மாதச் சம்பளப் பாக்கி, குத்தகைக்கு எடுத்த ஒரு திடல், அப்புறம் ரீத்தா.

ரீத்தா கழகத்தின் செயலாளர். பிழைப்புக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி. பழம் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். ரீத்தா எடையைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதற்கு மேல் தோட்டக்காரனும் கேட்கமாட்டான், ஆலையும் கேட்காது. பதினெட்டு வருடமாகக் கழகத்தின் எழுத்து வேலையும் அவளுடையதுதான். உமாதேவி முதல் நாள் கோப்புகளைக் கேட்டதும் பதினோரு கோப்புகளைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். எல்லாம் தேதிவாரியாக இருந்தன. நொடித்துப்போன இடத்தில் ஒழுங்கான கோப்பை உமாதேவி வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள். அந்த நிமிடமே அவளுக்கு ரீத்தாவைப் பிடித்துப்போயிற்று.

லீக்கின் விதி இரக்கமில்லாதது. ஒரு கழகம் நீதிமன்றத்தின் நிர்வாகத்துக்குள் போனால் ஒன்பது புள்ளி வெட்டு. ஜெயித்தால் மூன்று, சமன் செய்தால் ஒன்று என்று சிறுகச் சிறுகச் சேர்த்ததில், மூன்று வெற்றி ஒரே நாளில் போய்விடும். முப்பத்தொரு புள்ளியோடு ஆறாவது இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்த பாலோ, மறுநாள் காலையில் இருபத்திரண்டு புள்ளியோடு பதின்மூன்றாவது இடத்தில் கண் விழித்தது. மொத்தம் பதினான்கு அணிகள். கடைசி இரண்டும் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். மிச்சம் இருந்தது நான்கே நான்கு ஆட்டங்கள்.

வாங்குவதற்கு ஓர் ஆள் இருந்தார். சிம்பாங் ரெங்கத்தில் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை வைத்திருக்கும் சீன முதலாளி. எல்லாருக்கும் அவர் தவுக்கே. முதல் பிரிவில் இருக்கிற கழகம் என்றால் வாங்குகிறேன், பாக்கிச் சம்பளத்தைக் கடைசிக் காசு வரை கொடுக்கிறேன், இறங்கிவிட்டால் எனக்கு வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கினால் கழகத்தை மூடித் திடலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்பது உமாதேவிக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது.

ஊர் கொதித்தது. ஓடிப்போனவன் ஒருத்தன், தண்டனை ஓடி ஆடி விளையாடினவர்களுக்கா என்று சாப்பாட்டுக் கடைகளில் தினமும் அதே பேச்சு. உமாதேவிக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. லீக்கின் விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்து, மேல்முறையீட்டுக்கு ஓர் ஓட்டையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். குறுக்கே நின்றது ரீத்தாதான்.

“விதி சரிதான் மேடம்,” என்றாள். “அந்த ரெண்டு பிரேசில்காரங்கள வெச்சு ஆயர் ஈத்தாம் டீமை மூணு கோல்ல அடிச்சோம். அவங்களுக்கு நாங்க சம்பளமே கொடுக்கல. ஆயர் ஈத்தாம்காரங்க ஒண்ணாந்தேதி ஆனா எல்லாருக்கும் சம்பளத்தக் கொடுத்துட்டு, வெளியாள வாங்கக் காசில்லாம, இருக்கிற பிள்ளைங்கள வெச்சே ஆடினாங்க. அப்ப யாரு லா ஏமாத்துனது?”

இருபது வருடத் தொழிலில், தனக்கு விழுந்த அடியை நியாயம் என்று சொன்ன ஒருவரையும் உமாதேவி சந்தித்ததில்லை. மேல்முறையீட்டுக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதே விதிப்புத்தகத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் விளையாட்டாளர் கழகத்தை உதறிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். பதினெட்டுப் பேரில் ஒருவரும் போகவில்லை. அணித்தலைவன் மதிவாணன் வார நாள்களில் சிங்கப்பூரில் கிடங்கு வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லையில் வரிசையில் நின்று, பஸ் மாறி மாறி பாலோவுக்கு வந்து, சனிக்கிழமை விளையாடிவிட்டு, ஞாயிறு திரும்பிப் போனான். ஏன் இப்படிக் கிடந்து சாகிறாய் என்று உமாதேவி அவனைக் கேட்டே விட்டாள். சீசன் முடியட்டும் மேடம் என்று மட்டும் சொன்னான்.

முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதில் தோற்றார்கள். மூன்றாவது மூவாரில், போவதற்கு பஸ் இல்லை. அப்போது உதவிக்கு வந்தவர் ஆயர் ஈத்தாம் கழகத்தின் செயலாளர் திமோத்தி, நெடுஞ்சாலையோரம் மண்பாண்டக் கடை வைத்திருப்பவர். பட்டியலில் பாலோவுக்கு நேர் மேலே இருந்தது ஆயர் ஈத்தாம்தான். பாலோ ஏறினால் இறங்கப் போவது அவர்கள்தான். அப்படியிருந்தும் தன் கழகத்து வேனை எண்ணெய் நிரப்பி அனுப்பிவைத்தார். அந்த வேனில் போய் பாலோ ஜெயித்துவிட்டு வந்தது. வேனைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆக, கடைசி ஆட்டத்துக்கு முன் ஆயர் ஈத்தாமுக்கு இருபத்தொன்பது புள்ளி, பாலோவுக்கு இருபத்தெட்டு. கடைசி ஆட்டம் அந்த இரண்டுக்கும் நடுவில், பாலோ திடலில். பாலோ ஜெயித்தே ஆக வேண்டும்.

உமாதேவி சீக்கிரமே திடலுக்கு வந்து சேர்ந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் கார்டு பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கழகச் செயலாளர்களும் எதிரணியை வரிசையாக நிற்கவைத்து, பெயர் கூப்பிட்டு, வீரர் அட்டையையும் முகத்தையும் ஒத்துப் பார்த்து, தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலோடு சரிபார்த்து, பிறகுதான் ஒருவருடைய அணித் தாளில் மற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். ரீத்தாவும் திமோத்தியும் அப்படிச் செய்யவில்லை. திமோத்தியின் காரின் முன்மூடிமேல் பிளாஸ்டிக் பையில் கட்டிய இரண்டு கோப்பியும் ஒரு பொட்டலம் கரிபாப் பலகாரமும் இருந்தன. இருவரும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் யார் பாட்டு சுருதி விலகியது என்று பேசிக்கொண்டே தாள்களை மாற்றி, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். என்ன ரீத்தா இது என்று உமாதேவி தனியாகக் கேட்டாள். பதினெட்டு வருடமாக இப்படித்தான், அண்ணன் தாளை நான் பார்த்ததில்லை, என் தாளை அவர் பார்த்ததில்லை என்று ரீத்தா பெருமையாகச் சொன்னாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனாக முடிந்தது. ஆயர் ஈத்தாமின் கோலை அடித்தது அவர்களின் ஏழாம் எண், ஆதவன். ஆளுக்கு ஒரு புள்ளி. ஆயர் ஈத்தாம் முப்பது, பாலோ இருபத்தொன்பது. மதிவாணன் திடலின் நடுவில் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு புள்ளியில் பாலோ இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடுவிழாவுக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த உமாதேவி, பழக்க தோஷத்தில் ரீத்தாவின் கடைசிக் கோப்பையும் முதல் தாளிலிருந்து படித்தாள். வியாழக்கிழமை லீக் அனுப்பிய தடைப் பட்டியல் அதில் இருந்தது. துளை போட்டு, தேதி எழுதி, அழகாகக் கோக்கப்பட்டிருந்தது. மூன்று மஞ்சள் அட்டை வாங்கியவர்கள் அடுத்த ஆட்டத்தில் விளையாடக்கூடாது. நான்காவது பெயர்: ஆதவன், ஆயர் ஈத்தாம், எண் ஏழு.

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். தடையில் இருப்பவனை இறக்கியது தெரிந்தால் எதிரணிக்கு முழு மூன்று புள்ளி. பாலோ முப்பத்தொன்று, ஆயர் ஈத்தாம் இருபத்தொன்பது. கழகம் பிழைத்தது, சம்பளம் பிழைத்தது, தவுக்கே நாளைக்கே கையெழுத்துப் போடுவார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள், அதாவது திங்கள் சாயங்காலத்துக்குள், புகார் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியவர், எதிரணியின் தாளில் கையெழுத்துப் போட்ட செயலாளர். புகார்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்கு ஓட்டினாள். பூசை முடிந்து ரீத்தா வாசலில் நின்றிருந்தாள்.

ரீத்தா படிவத்தை வாங்கிப் படித்தாள். பட்டியலைப் பார்த்தாள். படிவத்தின் அடியில் இரண்டு வரி அச்சிட்டிருந்தது: எதிரணி வீரர்களின் அட்டைகளையும் தடைப் பட்டியலையும் விதிப்படி சரிபார்த்தேன். இந்த உண்மை என்னிடம் மறைக்கப்பட்டது.

“நான் பார்க்கல மேடம்,” என்றாள். “அவரு மறைக்கவும் இல்ல. அவருக்கே தெரிஞ்சிருக்காது.”

உண்மைதான். அதற்கு முந்தைய ஆட்டத்தில், விசில் ஊதிய பிறகு நடுவரிடம் வாய் கொடுத்து ஆதவன் அந்த மூன்றாவது அட்டையை வாங்கியிருந்தான். திமோத்தி அப்போது தன் காருக்குள் பந்து ஏற்றிக்கொண்டிருந்தார். உமாதேவி விடவில்லை. பதினெட்டுப் பேரின் சம்பளத்தைச் சொன்னாள். மதிவாணனின் பஸ் பயணத்தைச் சொன்னாள். வெறும் இரண்டு வரி, எந்தப் படிவத்திலும் இருக்கிற வரி, யாரும் இதைப் படிப்பதுகூடக் கிடையாது என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை. ரீத்தாவின் கண் கலங்கியது, ஆனால் கை பேனாவைத் தொடவில்லை.

“பார்க்காம கையெழுத்துப் போட்டது தப்பு, அது என் தப்பு. இப்ப பார்த்தேன்னு எழுதினா அது பொய். அதுவும் திமோத்தி அண்ணன் தலையில போடுற பொய். எடைமேடையில பத்து கிலோ கூட்டிப் போட்டதில்ல மேடம் நான்.”

பிறகு உமாதேவியின் எதிரிலேயே திமோத்தியைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். ஆதவன் தடையில் இருந்தான் அண்ணே, நம்ம ரெண்டு பேருமே பார்க்கல என்றாள். தான் புகார் கொடுக்கப் போவதில்லை, ஆனால் தெரிந்த பிறகு உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றாள். எதையும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சரிம்மா என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

அன்று மாலை, மதிவாணன் சிங்கப்பூர் கிளம்புவதற்கு முன் ரீத்தா பிள்ளைகளைத் திடலுக்கு வரச்சொல்லி நடந்ததை அவளே சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான், நடந்தது அதுவல்ல. ஒருவன் தண்ணீர்ப் போத்தலை வேலியில் எறிந்தான். இன்னொருவன், அக்கா உங்க மனசாட்சிக்கு எங்க சம்பளமா என்று கேட்டான். ரீத்தா தலைகுனிந்து நின்றாள், நியாயமான கேள்வி என்பதால். கடைசியில் மதிவாணன்தான் எழுந்தான். அந்த வேன்ல போய்த்தானே மூவார்ல ஜெயிச்சோம் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

திங்கள்கிழமை முழுவதும் கையெழுத்தில்லாத படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உமாதேவி உட்கார்ந்திருந்தாள். அவள் கோபமாக இருக்க வேண்டியவள். ஆனால், ‘முழுமையாகப் பரிசோதித்தேன்’ என்ற வரிக்குக் கீழே தான் போட்ட கையெழுத்துகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் படித்தேனா? கோழித்தீவனக் கம்பெனியின் கடைசி இருநூறு பக்கம்? இல்லை, அதை உதவியாளர்தான் படித்தார். வெட்கமாக இருந்தது.

நான்கு மணிக்கு லீக்கிலிருந்து கடிதம் வந்தது. ஆயர் ஈத்தாம் கழகத்தின் செயலாளர் கடையை மூடிவிட்டுக் குளுவாங்கில் இருக்கும் லீக் அலுவலகத்துக்கு நேரில் போய், தடையில் இருந்தவரைக் கவனிக்காமல் இறக்கிவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்தார். தவறு செய்த கழகமே முன்வந்து சொன்னால், அந்த ஆட்டத்தில் கிடைத்த புள்ளி மட்டும் போகும். எதிரணிக்குக் கூடுதலாக ஒன்றும் கிடையாது. ஆயர் ஈத்தாம் இருபத்தொன்பது. பாலோவும் இருபத்தொன்பது. யார் இறங்குவது என்று தீர்மானிக்க வரும் சனிக்கிழமை, சிம்பாங் ரெங்கத்தில், ஒரே ஓர் ஆட்டம். ரீத்தா பார்க்காமல் கையெழுத்துப் போட்டதைப் பற்றித் திமோத்தி எழுதிக் கொடுத்ததில் ஒரு வார்த்தை இல்லை. ரீத்தா அதைத் தானே லீக்குக்கு எழுதி, தன் கைக்காசிலிருந்து அபராதம் கட்டினாள்.

வாய் மூடி இருந்திருந்தால் திமோத்திக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர் கழகத்துச் செயற்குழு அவரை அந்த வாரம் வறுத்தெடுத்ததாக ரீத்தா சொன்னாள். சனிக்கிழமை வரை பொறுங்கள், பிறகு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். இப்படிப்பட்ட மனிதர்கள் பாலோவிலும் ஆயர் ஈத்தாமிலும் சும்மா கோப்பி குடித்துக்கொண்டு திரிகிறார்கள், இது தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறோமே என்று உமாதேவிக்கு ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை தவுக்கேயும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். கரிபாப் இல்லை. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக இருவரும் கார்டு பார்த்தார்கள். ரீத்தா ஆயர் ஈத்தாம் அணியை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பட்டியலைப் பார்த்தாள். குழந்தையிலிருந்து தெரிந்த பையன்களையும் விடவில்லை. திமோத்தி மதிவாணனின் தாடியை விலக்கிப் பார்க்காத குறைதான். நடுவர் இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினார். இருவரும் நிமிரவே இல்லை. ஆதவன் சாதாரணச் சட்டையில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எண்பத்து மூன்றாவது நிமிடத்தில், மூலையிலிருந்து வந்த பந்தை மதிவாணன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். அதுதான் ஆட்டத்தின் ஒரே கோல். விசில் ஊதியதும் பாலோ பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். தவுக்கே உமாதேவியின் பக்கம் திரும்பி, திங்கள்கிழமை தொழிற்சாலைக்கு வாருங்கள், பேனா கொண்டுவாருங்கள் என்று மலாயில் சொன்னார்.

உமாதேவி சிரித்துத் தலையாட்டினாள். ஆனால் கண் வேறு இடத்தில் இருந்தது. ஒரு மாதம்கூடத் தவறாமல் சம்பளம் கொடுத்த கழகம் இறங்கிவிட்டது. கொடுக்காத கழகம் மேலே நிற்கிறது. முடிவு விதிப்படிதான் வந்தது. இது நியாயமா என்று, அவள் முழுதாகப் படித்த புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

திடலோரத்து மேசையில் ரீத்தா முடிவுத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். பாலோவில் யாரும் அவளைத் தூக்கிக் கொண்டாட வரவில்லை. வந்திருந்தாலும் அவள் எழுந்திருக்கமாட்டாள். திமோத்தி நடந்து வந்தார். பேனாவை எடுத்து, பழைய பழக்கத்தில், தாளைப் பார்க்காமலே குனிந்தார்.

ரீத்தா தாளின்மேல் கையை வைத்து மறித்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

“பார்த்துட்டுப் போடுங்க அண்ணே.”

திமோத்தி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, தாளைக் கையில் தூக்கிப் பிடித்து, கார்டு பார்க்கும்போது படிக்கிற அதே குரலில் சத்தமாக வாசித்தார்.

“பாலோ ஒண்ணு. ஆயர் ஈத்தாம் ஸீரோ. கோல், மதிவாணன், எண்பத்து மூணாவது நிமிஷம்.” கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “சரியா இருக்கும்மா,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.